ஆயாக் கொட்டகையும் அம்மைத் தண்ணீரும்

பினாங்கு என்றவுடன் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தையும் தண்ணீர்மலை முருகனையும் நினைக்கிற நம்மவர்கள், அம்மாநிலத்து நிலத்தின் பெரும்பகுதி தீவில் இல்லாமல், கடற்காலுக்கு இப்புறம், ஆங்கிலேயர் வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்ட செபராங் பிறையில் இருக்கிறது என்பதைப் பல சமயம் மறந்துவிடுகிறார்கள். அந்த மாகாணத்தின் தென்பகுதியில், நிபோங் திபாலையடுத்த கடலோரச் சதுப்பு நிலத்தில், கண்டற்காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, வரப்பு எடுத்து உருவாக்கப்பட்ட தோட்டங்களுள் ஒன்று பைராம். தமிழர் வாயில் ஏதோ மலாய்ப் பெயர் போலவே ஒலிக்கும் இப்பெயர், இங்கிலாந்தின் யார்க்ஷயர் பிரதேசத்தில் ராம்ஸ்டன் என்ற பிரபுக் குடும்பத்தாருக்கு இருந்த அரண்மனை போன்றதொரு வாசஸ்தலத்தின் பெயர். 1689இல் அக்குடும்பத்துக்கு வழங்கப்பட்ட பட்டமே பைராம் என்ற ஊரைச் சொல்லித்தான் வழங்கப்பட்டது. எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விடத்துக் கரும்புத் தோட்டங்களில் பணத்தை முடக்கினார். அவருடைய மனைவியின் சகோதரரான சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் கைக்கு அவை வந்து சேர்ந்தன. பினாங்கு சர்க்கரைத் தோட்டக் கம்பெனி என்ற பெயரில் கலிடோனியா, பைராம் முதலிய தோட்டங்கள் ஒரே ஆளுகையின் கீழ் நடந்தன. கலிடோனியாவில் பாழடைந்து நிற்கும் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகையைப் பற்றிப் பேய்க் கதை சொல்வதற்கு ஆட்கள் ஏராளம். இத்தோட்டங்களில் விடியுமுன் பிள்ளைகளைப் பெற்றோர் விட்டுச் சென்ற ஒரு கொட்டகையைப் பற்றிச் சொல்வோர் குறைவு. நான் சொல்ல விரும்புவது அக்கொட்டகையைப் பற்றியும், அதிலும் குறிப்பாக, காய்ச்சலிலோ அம்மையிலோ படுத்த பிள்ளை வைத்தியரிடம் போய்வந்த பின் எந்த நாளில் மறுபடி அங்கே போகலாம் என்பதை யார் தீர்மானித்தார்கள் என்ற விஷயத்தைப் பற்றியுமே.

கரும்புக் காலத்தில் அந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். குடும்பம் என்பது தோட்டத்தில் அபூர்வமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் கரும்பு தளர்ந்து ரப்பர் தலையெடுத்ததும், 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்து ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி மூலம் உறவினரும் ஊராருமாக ஆட்கள் வரத் தொடங்கியதும் நிலைமையை அடியோடு மாற்றிவிட்டன. நாகப்பட்டினத்திலும், சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் பரிசோதிக்கப்பட்டு, நாட்கணக்கில் கப்பலில் வந்த குடும்பங்கள், பினாங்குக் கரையில் கால்வைப்பதற்கு முன் ஜெர்ஜாக் தீவில் ஏறக்குறைய ஒரு வாரம் தடுத்து வைக்கப்பட்டன. கப்பலில் எவருக்கேனும் பெரியம்மையோ வாந்திபேதியோ கண்டிருந்தால் அந்த வாரம் நீண்டது. தொற்று நோய்க்கும் நாட்கணக்குக்கும் உள்ள சம்பந்தத்தைத் தோட்டத் தமிழர் முதன்முதலில் சர்க்கார் கையால் அனுபவித்தது அத்தீவிலேதான் என்று சொல்லலாம். ஆனால் அங்கே காத்திருந்த நாட்களுக்கு அவர்கள் யாருக்கும் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை. தோட்டத்துக்கு வந்தபின் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லவேண்டியிருந்தது.

ரப்பர் மரம் பால் தருவது விடியற்காலையில். வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும். ஆகையால் இருட்டு இன்னும் கலையாத வேளையில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாகத் தமக்குரிய மர வரிசையான நிரைக்குப் போகவேண்டும். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் போனார்கள். பால் குடிக்கும் குழந்தையையும், நடக்கத் தொடங்கிய குழந்தையையும் என்ன செய்வது? அதற்காக ஏற்பட்டதே ஆயாக் கொட்டகை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குச் சமீபத்தில் கூரை வேய்ந்த ஒரு நீண்ட கொட்டகை. உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தூளிகள். பெரும்பாலும் வேலைக்கு இயலாத வயதுடைய ஒரு கிழவி, பெரிய தோட்டமானால் இரண்டு பேர். இதே அமைப்பை இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்றார்கள்.

ஐக்கிய மலாய் நாடுகளில் 1923இல் தொகுக்கப்பட்ட தொழிலாளர் சட்டமும், பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் அதையொட்டி நடந்த விதிகளும், பள்ளிக்கூடத்தோடு கூடக் குழந்தைக் கொட்டகையையும் தோட்டத்தின் பொறுப்பாக்கின. அதே ஆண்டு முதல் இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் இருந்துகொண்டு தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து வருஷந்தோறும் அறிக்கை எழுதினார். சட்டத்தின் அக்கறை கட்டடத்திலும், பார்த்துக்கொள்ளும் ஆளிலும், குழந்தைகளுக்கு ஊற்றும் பாலிலும் பதிந்திருந்தது. இவையெல்லாம் அளக்கக்கூடியவை, சோதனைக்கு வரும் உத்தியோகஸ்தர் பார்த்துக் குறித்துக்கொள்ளக்கூடியவை. நேற்றுவரை ஜுரத்தில் கிடந்த பிள்ளை இன்று இங்கே இருக்கலாமா என்பதை அவ்வாறு பார்த்துக் குறிக்க முடியாது. அது ஒவ்வொரு விடியற்காலையிலும், இருட்டில், அவசரத்தில், மூன்று மனிதர்களுக்கு இடையில் நடந்தேறிய காரியம்.

அம்மூவரில் முதலாமவர் டிரஸ்ஸர். மேற்பார்வை வைத்தியர் குறித்த நாட்களில் மட்டும் வந்து போவார். தோட்டத்து ஆஸ்பத்திரியை நாள்தோறும் நடத்தியவர் புண் கட்டவும் மருந்து கலக்கவும் பழகிய இந்த உத்தியோகஸ்தரே. பெரும்பாலும் மலையாளத்தாராகவோ யாழ்ப்பாணத்தாராகவோ இருந்த இவர்களுக்கு 1965இல்தான் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் என்ற பதிவுச் சட்டமும் அந்தஸ்தும் கிடைத்தன. அதற்கு முன்னும் பின்னும் இவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றுதான், வேலைக்கு வராத பெண்ணின் பெயர் கணக்கரான கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எப்படி விழும் என்பதை நிர்ணயித்தது. இரண்டாமவர் ஆயா. மூன்றாமவர் தாய். இவர்களில் அதிகாரம் மிகுந்தவர் பிள்ளையை மிகக் குறைவாகப் பார்த்தவர் என்பதையும், பிள்ளையை நாளெல்லாம் பார்த்தவளுக்கு அதிகாரமே இல்லை என்பதையும் கவனித்தால், பின்னால் சொல்லப்போகும் பலவற்றுக்கு விளக்கம் கிடைக்கும்.

தோட்டத்துப் பிரதான நோய் மலேரியா. 1901இல் கிள்ளானில் சதுப்பை வடித்துக் காய்ச்சலை ஒடுக்கிக் காட்டிய டாக்டர் மால்கம் வாட்ஸன், ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய அங்கிருக்கும் குழந்தைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி என்று கொண்டார். பெரியவர்கள் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், அவர்கள் உடம்பில் எந்த ஊர்க் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. அவ்விடத்திலேயே வளரும் குழந்தையின் வயிற்றில் இடப்புறம் தட்டுப்படும் காய்ச்சல் கட்டி அவ்விடத்தைப் பற்றியே சாட்சி சொல்லும். ஆக, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றை அழுத்திப் பார்த்த வைத்தியர் தேடியது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் க்ஷேமத்தை அன்று, தோட்டத்தின் ஆரோக்கியக் கணக்கை. அதனால் பயன் விளையாமற் போகவில்லை. கால்வாய் ஆழப்பட்டது, எண்ணெய் தெளிக்கப்பட்டது, பிரட்டிலேயே கொயினா கொடுக்கப்பட்டது. ஆனால் மலேரியா ஜுரத்துக்கு ஒரு வஞ்சகக் குணம் உண்டு. முறை வைத்து வரும் அக்காய்ச்சல், ஒருநாள் எரித்துவிட்டு மறுநாள் விட்டுவிடும். விட்ட நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும். தாய்க்கு அதுவே போதுமான நற்செய்தி. டிரஸ்ஸர் தொட்டுப் பார்த்து ஜுரமில்லை என்பார், அதுவும் பொய்யன்று. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, தாய் காட்டின் நடுவில் இருக்கையில், ஆயாவின் மடியில் அது நடுங்கத் தொடங்கும்.

அத்தருணத்தில் ஆயா செய்யக்கூடியது ஒன்றும் அதிகமில்லை. யாரையாவது ஓட்டி ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பலாம்; ஈரத்துணி போடலாம். விடியற்காலையில் பிள்ளையை வாங்கும்போதே நெற்றியில் புறங்கையை வைத்து, "இன்னைக்கு ஒருநாளு வீட்டுல வச்சிரு புள்ள" என்று அவள் சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லின் விலை என்ன? 1928இல் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்த 1930இல் அது 40க்கும் 32க்கும் இறங்கியது. தன் உடம்புக்கு வந்த நோய் என்றால் ஆஸ்பத்திரியில் படுக்கவாவது இடமுண்டு. பிள்ளையின் நோய்க்காகத் தாய் நின்றுகொண்டால் அது நோயாகாது, வெறும் வராமையாகும். ஒரு பெண் ஒரு நாள் நின்றால் அவள் நிரை காலியாகும், கங்காணி முகம் கோணுவான், மாதக் கடைசியில் கடைக்காரன் புத்தகத்தில் பாக்கி ஏறும். இத்தனையையும் ஒரு கிழவியின் புறங்கை எடைபோட்டு நிறுத்திவிட முடியுமா? அவளும் அதே தோட்டத் துரையிடம் கூலி வாங்குகிறவள்தானே.

இவ்விடத்தில் சற்று விலகி, ராம்ஸ்டன் பிரபுவின் சொந்த ஊர்ப் பக்கம் போய்வருவது பொருத்தமாயிருக்கும். பைராம் தோட்டத்தின் எஜமானர்களே யார்க்ஷயரில் ஹட்டர்ஸ்பீல்டு என்ற கம்பளி நெசவுப் பட்டணத்தின் பெரும்பகுதிக்கும் நிலச்சுவான்தார்கள். 1920இல் நகரசபைக்கு விற்கும்வரை அவ்வூர் அவர்களுடையதே என்று சொன்னாலும் தகும். அந்த ஊரில் 1904இல் மேயரான பெஞ்சமின் பிராட்பெண்ட் என்பவர், தாம் பிறந்த லாங்வுட் பகுதியில் தம் பதவிக் காலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வயது நிறைந்தால் அதன் தாய்க்கு ஒரு பவுன் தருவதாக வாக்களித்தார். பிறப்பை உடனே தெரிவிக்க வேண்டுமென்று 1906இல் அவ்வூருக்கென்று ஒரு சட்டமே ஏற்பட்டது. பெண் வைத்தியர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மாருக்கு யோசனை சொன்னார்கள். சிசு மரணத்தைக் குறைக்கும் முயற்சிக்கு இங்கிலாந்து முழுவதும் ஹட்டர்ஸ்பீல்டை உதாரணம் காட்டியது. அங்கே குழந்தையின் முதல் வயதுக்கு ஒரு பவுன் பெறுமானம் குறிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அதே நிலச்சுவான்தார்களின் கடல்கடந்த தோட்டங்களில் தாய்மார்களின் விடியற்காலை நேரத்துக்கே விலை குறிக்கப்பட்டிருந்தது. ராம்ஸ்டன் குடும்பத்தாரைத் தனியாகக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. பிராட்பெண்டின் பவுன் அவர்கள் பணமும் அன்று. ஒரே கொடிவழியின் இரு முனைகளிலும் குழந்தை எப்படி எண்ணப்பட்டது என்பதற்கு இதைவிட நெருக்கமான ஜோடி கிடைப்பது அரிது என்பதால் சொன்னேன்.

டிரஸ்ஸரின் சீட்டுக்கும் கங்காணியின் குரலுக்கும் கட்டுப்படாத ஒரு நோய் தோட்டத்தில் இருந்தது. அது அம்மை. ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டால், அவ்வீட்டுக்குள் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று பொருள். அங்கே எண்ணெய் காயாது, தாளிப்பு வாசனை எழாது, வெளியார் உள்ளே போகமாட்டார்கள், வீட்டார் பிற வீடுகளுக்குப் போகமாட்டார்கள். பிள்ளை வேப்பிலை பரப்பிய பாயில் கிடக்கும். அரிப்புக்கு அதே இலைக்கொத்தால் தடவுவார்கள். கொப்புளம் இறங்கிக் காய்ந்து பொருக்கு விடத் தொடங்கிய பின், ஒற்றைப்படை நாளாகப் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேற்றிய தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஒரு நாள் விட்டு மறுபடி. பிறகு மூன்றாம் தண்ணீர். மூன்று தண்ணீரும் ஆகி, அம்மனுக்குக் கூழோ கஞ்சியோ படைத்து, வாசல் வேப்பிலையை எடுத்த பிறகுதான் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேரும், தாயும் பிரட்டுக்குப் போவாள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் துரைமார் மட்டுமல்லர். நம்மில் சீர்திருத்தம் பேசியவர்களும் அப்படியே ஒதுக்கினார்கள். பெரியம்மை விஷயத்தில் அவர்கள் கோபத்துக்கு நியாயமும் இருந்தது: அம்மன் கோபிப்பாள் என்று அம்மை குத்திக்கொள்ள மறுத்தவர்கள் பலர் அதற்குப் பலியானார்கள். அந்நோய் உலகைவிட்டே ஒழிந்ததென்று 1980இல் அறிவிக்கப்பட்டதற்கு வேப்பிலை காரணமன்று, ஊசியே காரணம். ஆனால் பிள்ளை எப்போது மறுபடி கூட்டத்தில் சேரலாம் என்ற தனிக் கேள்வியில், வழக்கம் கண்ட முடிவும் இன்றைய வைத்திய சாஸ்திரம் கண்ட முடிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தொற்று இருக்கிறது, அதன் பின் இல்லை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பெரியம்மையில் பொருக்கெல்லாம் உதிரும்வரை காக்கவேண்டும் என்றார்கள். முதல் தண்ணீருக்குக் கொப்புளம் காய்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், மூன்றாம் தண்ணீர்வரை நாட்களைத் தள்ளிக்கொண்டுபோகும் ஏற்பாடும் சேர்ந்து, பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியே பிள்ளையை வெளியே விட்டன. தட்டம்மைக்கு மட்டும் இந்தக் காவல் பிந்தி வந்தது. ஏனெனில் அது உடம்பில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும், வேப்பிலை செருகும்போது கொட்டகையில் பாதிப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

வைத்தியப் பொருத்தத்தைவிட எனக்கு ஆச்சரியமாய்த் தோன்றுவது வேறொன்று. ஜுரத்தால் பிள்ளை கிடக்கிறது என்று நின்ற தாயைத் தேடி லயத்துக்கு வந்து அதட்டக்கூடிய கங்காணி, வேப்பிலை செருகிய வாசலில் குரல் எழுப்பத் துணியமாட்டான். அவன் வீட்டிலும் மாரியம்மன் படம் இருக்கிறது, அவன் தலைமையில்தான் தோட்டத்துக் கோயிலில் ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. துரைக்கு அம்மன்மீது பயமில்லாவிட்டாலும் பெரியம்மைமீது பயமுண்டு. ஆக, தோட்ட வாழ்க்கை முழுவதிலும், பிள்ளையின் நோயை முன்னிட்டு ஒரு தாய் எவரிடமும் கெஞ்சாமல் வீட்டிலிருக்க முடிந்த நாட்கள் அம்மை நாட்களே. கூலி போகத்தான் போயிற்று. ஆனால் மானம் போகவில்லை, விசாரணை இல்லை, சீட்டு வேண்டியதில்லை. தெய்வத்தின் பெயரால் கிடைத்த இந்த விடுமுறையைச் சட்டத்தின் பெயரால் வாங்க நம் ஜனங்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அது முழுதும் இன்னும் கைகூடவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; கொயினாவும் பாலும் கிடைக்கவில்லை; கொட்டகை இருந்த இடத்தில் மரவள்ளி நட்டவர்கள் உண்டு. யுத்தத்துக்குப் பின், 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்கும் வேலை நிபந்தனைக்கும் போராடிய காலத்தில், சர்க்காரின் தாய்சேய் நலக் கிளினிக்குகள் கிராமப்புறங்களில் பரவின. பைராம் பக்கத்தார் சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரிக்கோ, பெரிய விஷயமானால் படகேறி ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போனார்கள். இங்கே புதியதொரு சங்கடம் பிறந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் பார்த்தால் அரைமணி நேரத்தில் முடிகிற காரியம், கிளினிக்கில் அட்டை கொடுத்துத் தேதி குறித்தால் ஒரு முழு நாளை விழுங்கும். அங்குள்ள டாக்டர் பிள்ளையை நன்றாகவே பார்ப்பார், மருந்தும் சரியாகவே கொடுப்பார், ஆனால் பிள்ளை நாளைக்குப் போகப்போவது எந்த மாதிரிக் கொட்டகை, அங்கே எத்தனை பிள்ளைகள் ஒரே பாயில் படுக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. டிரஸ்ஸருக்கு அது தெரிந்திருந்தது. போலியோ சொட்டு 1972இலும் தட்டம்மை ஊசி 1982இலும் தேசியத் திட்டத்தில் சேர்ந்தபின், கொட்டகையைப் பயமுறுத்திய நோய்களில் பல மறைந்தன. மறையாமல் நின்றவை சளி, வயிற்றுப்போக்கு, கண்நோய், சிரங்கு ஆகிய, எவரும் சீட்டுக் கொடுக்கத் தயங்கும் சில்லறை நோய்கள்.

ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. தொழிலாளர் வீடமைப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ குடியிருக்கும் வேலைத்தலத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பழைய கடமையைப் புதுப்பித்து எழுதியபோது, அத்தனை பிள்ளைகள் குடியிருந்த தோட்டங்கள் குறைந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் தாய்மார் பத்து காவானிலும் பிறையிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் தாஸ்கா எனப்படும் குழந்தைக் காப்பகத்துக்குப் போகின்றன. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரையோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாக வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்கவேண்டும். ஆயாக் கிழவி கனவிலும் கேட்டிராத கணக்கு இது.

அந்தக் கிழவிக்கு இல்லாத அதிகாரமும் இப்போது பராமரிப்பாளருக்கு வந்திருக்கிறது. கை, கால், வாய்ப்புண் நோய் என்று நாம் சொல்கிற, சிறு பிள்ளைகளைப் பிடிக்கும் கொப்புளக் காய்ச்சல் 1997இல் சரவாக்கில் பல குழந்தைகளைக் கொன்றதிலிருந்து, அதன்மேல் சுகாதார இலாகாவுக்கு ஒரு கண். 2018இல் பினாங்கில் அது பெருகியபோது தாஸ்காக்களும் பாலர் பள்ளிகளும் மூடப்பட்டன. மூடினால் பத்து நாள் மூடுவதே வழக்கம். அதனால் காலையில் வாசலிலேயே பிள்ளையின் உள்ளங்கையையும் வாயையும் பார்த்து, ஒரு புள்ளி கண்டாலும் திருப்பியனுப்புகிறார்கள். டாக்டர் கடிதம் இல்லாமல் மீண்டும் சேர்ப்பதில்லை. கிருமியோ, புண் ஆறிப் பிள்ளை ஓடியாடத் தொடங்கிய பின்னும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். எந்தக் கடிதமும் அதை நிறுத்தாது. பத்து நாள் என்பது, பிள்ளையைத் தடுத்து வைக்கக்கூடிய அளவுக்கும் பெற்றோர் தாங்கக்கூடிய அளவுக்கும் நடுவே செய்துகொண்ட ஒரு சமரசம். மூன்றாம் தண்ணீரும் ஒருவகையில் அத்தகைய சமரசமாகவே இருந்தது.

தாயின் பக்கம் மட்டும் கணக்கு அதிகம் மாறவில்லை. தனக்குக் காய்ச்சல் என்றால் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தனியார் வேலையில் அதற்கென்று சட்டம் தரும் விடுப்பு ஒன்றுமில்லை, வருஷ விடுப்பிலிருந்து கழிக்கவேண்டும், அது தீர்ந்தால் பாட்டி யாரையாவது கூப்பிடவேண்டும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் திருத்தம் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது, தந்தைக்கும் ஏழு நாள் தந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்ற ஒரு புதிய உரிமையையும் அது சேர்த்தது. அந்த விண்ணப்பத்துக்குச் சம்மதம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முதலாளிக்குச் சட்டம் தந்திருக்கும் அவகாசம் அறுபது நாள்.